மறுமுனையில் ஆள்

மெஷின்காரர் என்றால்தான் அந்தத் தெருக்களில் அவரைத் தெரியும். மரம் அறுக்கும் செயின் மெஷினோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவர். காதுமூடியை மாட்டி மெஷினைக் கிளப்பிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. அதற்காகத் தானே யோசித்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சட்டைக் காலரின் பின்பக்கம் ஒரு துணிக் கிளிப், அதில் மெல்லிய நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை, மரம் எப்படி விழுந்தாலும் எட்டாத தூரத்தில், அவர் மனைவியின் கையில் இருக்கும். ஓர் இழுப்பு என்றால் வழி காலி, அறுக்கலாம். இரண்டு என்றால் நிறுத்து. தப்பி ஓட வேண்டி வந்தால் கிளிப் தானே கழன்றுகொள்ளும்.

"பொண்டாட்டி கையில கயிறு இருக்கு, அண்ணன் எங்க ஓடிறப் போறாரு!" என்று விறகு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

"ஓடட்டுமே. எனக்குக் கிளிப்பாவது மிஞ்சும்" என்பாள் அவள்.

காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு அவர் யாரையும் துணைக்குச் சேர்க்கவில்லை. கயிறு மட்டும் பழையபடியே இருந்தது. அதன் முனையில் அவள் தன் மணிக்கட்டுக்கு அளவாக முடிந்து வைத்த வளையம் இருந்தது. அதை வேலிக் கம்பியிலோ கதவுத் தாழ்ப்பாளிலோ மாட்டிவிட்டு, கிளிப்பைக் காலரில் செருகிக்கொண்டுதான் மெஷினைத் தொடுவார். வீட்டில் சாப்பாட்டு மேசையின் எதிர் நாற்காலியில் அவர் வேலைக்கு மாட்டும் ஹெல்மெட் உட்கார்ந்திருக்கும். காலையில் அரத்தால் செயினின் பற்களை ஒவ்வொன்றாகத் தீட்டும்போது, எத்தனை பல் ஆனது என்று சத்தமாகச் சொல்வார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

மகள் போனில் விடமாட்டாள்.

"அப்பா, கயிறு கட்டிட்டா ஆச்சா? அந்தப் பக்கம் ஆள் வேணாமா? இவருக்கு அச்சகத்துல வாரம் ரெண்டு நாள் லீவுதான். கூட்டிட்டுப் போங்களேன்."

"மாப்பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த வெயில்?"

"வெயில விடுங்க. உங்க மேல மரம் சாஞ்சா யாருக்குத் தெரியும்?"

"மரத்துக்குத் தெரியும்."

மகள் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அன்று காலை ஒரு பூட்டிய வீட்டின் பின்கட்டில் வேலை. பட்டுப்போன தைல மரம், மூன்று மாடி உயரம். வீட்டுக்காரர் வெளியூரில். மெஷின்காரர் மரத்தை இரண்டு சுற்று வந்து அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் ஒடிந்து தொங்கும் கிளை எதுவும் இல்லை. விழ வேண்டியது காலி முற்றத்தில். பின்னால் ஒதுங்கி ஓடும் வழியில் கிடந்த செங்கற்களைப் பொறுக்கி ஓரம் போட்டார். வளையத்தைப் பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டினார்.

விழும் பக்கம் வாய் பிளந்ததுபோல் ஒரு வெட்டுப் போட்டார். பிறகு பின்பக்கம் அறுத்தார். பாதி போனதும் ஆப்பு அடித்து இறக்கினார். நடுவில் கீல்போலக் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விட வேண்டும். மரத்தைச் சொன்ன பக்கம் படுக்க வைப்பது அதுதான். அதை நெருங்கும்போது வழக்கம்போல் நிறுத்தினார். இந்த இடத்தில்தான் அவள் இழுப்பாள். இப்போதெல்லாம் மூன்று எண்ணிவிட்டு அவரே தொடர்வார்.

ஒன்று. இரண்டு.

காலரை யாரோ இழுத்தார்கள். ஒரே ஓர் இழுப்பு.

இரண்டு வருடம் கழித்து வந்த அனுமதி. அவர் யோசிக்கவே இல்லை. விரல் தானாக விசையை அழுத்தியது. செயின் ஒரு விரற்கடை உள்ளே போயும்விட்டது. அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அவள்தான் இல்லையே. யார் இழுத்தது?

மெஷினை அணைத்துத் திரும்பினார். வளையம் மாட்டியிருந்த கதவு வெளிப்பக்கமாகத் திறந்து கிடந்தது. முற்றத்தின் நட்டநடுவில், பக்கத்துக் கடைத் தையல்காரர் குனிந்து ஒரு நீலத் துணியை உதறிக்கொண்டிருந்தார்.

"நேத்துக் காத்துல பறந்து வந்துருச்சு அண்ணே. என்ன, என்னயப் பாத்ததும் மெஷினே நின்னுருச்சு?"

"பேசாம வந்த வழியே போங்க. கதவுக்குப் போயிருங்க."

தையல்காரர் மேலே பார்த்தார். மரம் லேசாக முனகியது. அந்தக் கனத்த உடம்பு கதவுக்கு ஓடிய வேகத்தை வேறொரு நாள் பார்த்திருந்தால் மெஷின்காரர் சிரித்திருப்பார்.

அரைகுறையாய் அறுத்த மரத்தை அப்படியே விட்டுப் போக முடியாது. காற்று ஒரு தட்டுத் தட்டினால் தன் இஷ்டத்துக்குச் சாயும். மறுபடி மூன்று எண்ணவும் அவருக்குத் தைரியம் இல்லை. மரத்தின் பின்பக்கமாகச் சுற்றிக் கதவுக்கு வந்து, தாழ்ப்பாளிலிருந்து வளையத்தைக் கழற்றினார்.

"ஒரு உதவி செய்யணும். இத கையில மாட்டிக்கிட்டு வெளியவே நில்லுங்க. முற்றத்துல ஈ காக்கா இல்லைன்னா ஒரு தடவ இழுங்க. யாராவது வந்தா ரெண்டு தடவ."

தையல்காரர் வளையத்தில் கையை நுழைத்தார். விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது.

"என்னண்ணே, சின்னப் புள்ள வளையல் மாதிரி இருக்கு? சும்மா புடிச்சுக்கிறேனே."

"நழுவிரும். பதட்டத்துல கையை விட்டுருவீங்க."

"அப்ப முடிச்ச அறுத்து விடுங்க. ஊரு மரத்தையே அறுக்குறீங்க, இத அறுக்க மாட்டீங்களா?"

மெஷின்காரர் பையிலிருந்து அரத்தை எடுத்து, அதன் கூர்முனையை முடிச்சுக்குள் செருகி நெம்பினார். வேர்வையும் மரத்தூளும் இறுகி முடிச்சு கல்லாகியிருந்தது. நெம்ப நெம்ப ஒரு இழை தளர்ந்தது. பிறகு நகத்தால் பிரித்தார். பிரிந்த இடத்தில் கயிறு மட்டும் புதுசுபோல் வெள்ளையாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தையல்காரரின் மணிக்கட்டைச் சுற்றி வேறு முடிச்சுப் போட்டார்.

இழுப்பு வந்தது. காலர் கிழிகிற மாதிரி, முரட்டு இழுப்பு. சொன்ன இடத்தில் மரம் படுத்தது.

மதியம்வரை கிளைகளைக் கழித்துத் துண்டு போட்டார். அப்புறம் அடிக்கட்டையில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மாப்பிள்ளையை வரச் சொல்லும்மா."

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல." கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அவர் மணிக்கட்டு எத்தனை தடிமன் இருக்கும்?"