ஒற்றைச் செட்டைக் கிளைடர்

போன கிழமை சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடு. சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் ஆதம்பாவா. மருதமுனையில் தறி வைத்துச் சாரன் நெய்கிறவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் சிநேகிதன். எதிரே ஒரு வங்கி மனேஜர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

மனேஜர் இறைச்சியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "ஆதம் காக்கா, உங்கட சாரனக் கட்டிட்டு நடந்தா பாதி வழியில விழுந்திருமாமே... மெய்யா?"

"ஓம் தம்பி" என்றான் ஆதம்பாவா. "அதுக்குத்தானே பெல்ட்டும் சேத்து விக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பகிடி மனேஜரை விட வயதில் மூத்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை உண்டாக்கியவன் நான்தான்.

என் பழைய கிளைடரைத் திருத்தும் கதையைச் சில வாரங்களாக இந்தப் பத்தியில் அளந்து வருகிறேன் அல்லவா? புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளைடர் என்பது மோட்டர் இல்லாத விமானம். என்னுடையது இரண்டு செட்டைகளும் விரிந்தால் எட்டடி அகலம். கயிற்றில் கட்டி ஒருவர் இழுத்துக்கொண்டு ஓடினால் பட்டம் போல ஏறும். உச்சியில் கயிறு கழன்றுவிடும்... பிறகு தன்பாட்டில் மிதக்கும். கையிலுள்ள ரேடியோப் பெட்டியால் அதைத் திருப்பலாம். கடலுக்குத் தூரமாய், சவளக்கடையில் எங்கள் வயல்வாடிக் குடிசையின் முகட்டில் கிடந்ததால் சுனாமிக்கும் தப்பிவிட்டது.

மூக்குக்குள் இருந்த பழைய ரிசீவரும் பற்றரியும் சேர்ந்து ஒரு செங்கல் பாரம். புதியவை தீப்பெட்டி அளவு. பாரம் குறைந்தால் நல்லதுதானே? இல்லை! மூக்கு இலேசாகிவிட்டால் தலையைத் தூக்கும், தயங்கும், குப்புற விழும். ஆகவே பாலமுனைக்குப் போய் வலையில் கட்டும் ஈயக்குண்டு வாங்கி வந்து மூக்குக்குள் ஒட்டினேன்.

என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இஞ்சாருங்க, மோட்டரும் இல்ல, கமராவும் இல்ல. மறுகா என்னத்துக்கு இது பறக்குது?"

நியாயமான கேள்வி. ஈயத்துக்கு இன்னும் கொஞ்சம் பசை பூசினேன்.

இதையெல்லாம் எழுதினேனே, ஒன்றை மட்டும் ஏன் விட்டேன்? வலது செட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கிழியல் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நாற்பது வருடங்களுக்கு முந்திய கதை. நான் குவைத்தில் எஞ்சினியர். லீவில் வரும்போது ஒரு வரைபடமும், சூட்கேஸ் நிறைய இலேசான பல்சா மரமும் கொண்டு வந்தேன். செட்டைக்குப் போர்த்தத் துணி, எங்கள் பேச்சில் புடவை, கிடைக்கவில்லை. ஆதம்பாவா தன் தறியில் பட்டு நூல் ஏற்றி நெய்து தந்தான். வெங்காயத் தோல் போல மெல்லிசு. வார்னிஷ் பூசிக் காயவிட்டுத் தட்டினால் றபான் மேளம் போலச் சத்தம் வரும்.

பெருநாள் பின்னேரம் கடற்கரைக்குக் கொண்டு போனோம். ஊரே அங்கே நின்றது. என் மாமனார் வீட்டாரும் நின்றார்கள். ஆதம்பாவா கயிற்றோடு ஓடினான், கிளைடர் ஏறியது. கடலுக்கு மேலே போய் அழகாகத் திரும்பி என்னை நோக்கி வந்தது...

இந்த இடத்தில்தான் ஒரு சூட்சுமம். கிளைடர் நம்மை விட்டுப் போகும்போது அதன் இடப்பக்கம்தான் நம் இடப்பக்கம். நம்மை நோக்கி வரும்போது எல்லாம் மாறிவிடும். சாய்ந்த செட்டை எந்தப் பக்கம் தெரிகிறதோ, அந்தப் பக்கமே ரேடியோப் பெட்டியின் கம்பைத் தள்ள வேண்டும். நான் படித்திருந்தேன். பரீட்சையில் கேட்டிருந்தால் முழுப் புள்ளி வாங்கியிருப்பேன்.

இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் தள்ளினேன். தலைகீழாக மணலில் வந்து குத்தியது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் நான். மூக்கு நொறுங்கியிருந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. சனம் ஓடி வருவது கேட்டது. வலது செட்டையில் பெருவிரலை ஊன்றிக் குத்தினேன். பிறகு இழுத்துக் கிழித்தேன்.

"புடவை தாங்கல்ல, ஆதம். காத்துக்குக் கிழிஞ்சிட்டு" என்றேன், எல்லோருக்கும் கேட்க.

மூச்சு வாங்க நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்ட பிழதான் மச்சான். மாப்புச் செய்" என்றான்.

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்!

அவன் கையில் படாமல் செட்டைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். லீவு முடிந்து குவைத்துக்கும் போய்விட்டேன். பகிடி ஊரில் தங்கிவிட்டது. "விழுற புடவை" என்று தொடங்கி "விழுற சாரன்" என்று வளர்ந்தது. பிறகு யுத்தத்தில் நாடு இருந்த நிலையில் வானத்தில் எதையும் விட யாருக்குத் துணிவு? கிளைடர் முகட்டுக்குப் போனது. அத்தோடு என் பிழையும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாண வீட்டுக்கு அடுத்த நாள் வலது செட்டையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். வழி நெடுக வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். செட்டையை அவன் மடியில் வைத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிழியலின் ஓரத்தை விரலால் தடவினான். ஒருமுறை... இன்னொரு முறை.

"மச்சான், காத்துக் கிழிச்சா நூல் வழியாலதான் ஓடும். இது இவடத்த வட்டமாத் துவங்கி இரிக்கி. இதில ஆர்ட விரலோ பட்டிரிக்கி."

"என்ட விரல்தான்" என்றேன். கம்பைப் பிழையாகத் தள்ளியதையும் சொன்னேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சாரன் நுனியால் துடைத்தான். 

"நான் உனக்கிட்ட மாப்புக் கேட்டன். ஞாபகம் இரிக்கா?"

"ஓம்."

"அதுக்கும் வாயத் திறக்காம நிண்டிரிக்காய்."

"ஓம்."

"இப்ப நீ மாப்புக் கேட்டு வந்திரிக்காய்."

"ஓம் மச்சான்."

"அண்டைக்கு ஊருக்குக் கேக்கத்தானே செல்லினாய். இதையும் ஊருக்குக் கேக்கச் செல்லு. கிழமைக்கு ஒருக்காப் பேப்பரில எழுதுறாய்தானே, பொண்டாட்டி வச்ச ஆணத்துக்கு உப்புக் கூடிப்போன கதையெல்லாம்! இத எழுது. மறுகா பாப்பம்."

செட்டையை எடுக்கக் கை நீட்டினேன். அவன் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"இது இங்க கெடக்கட்டும். எழுதிப்போட்டு வந்து எடு."

ஒற்றைச் செட்டையோடு எந்தக் கிளைடர் பறக்கும்?

ஆகவே எழுதிவிட்டேன். ஆதம்பாவாவின் புடவை கிழியவில்லை. அவன் சாரனும் விழாது. அன்று விழுந்தது என் கைப் பிழையால். கிழிந்தது என் பெருவிரலால். இத்தனை வருடம் அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இனி என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். பஸாரில்தான் இருப்பேன்.

இதை எழுதி முடிக்கும் வேளையில் போன் அடித்தது. அவன்தான். ஸலாம் சொன்னான். எழுதினாயா என்று கேட்கவில்லை.

"டேய், செட்டைக்குப் பாவு நூல் நீட்டுக்கு வரணுமா, குறுக்கால வரணுமா?"

"நீட்டுக்கு" என்றேன். 

"அப்ப மத்தச் செட்டையையும் கொண்டா. ஒண்டு புதுப் புடவை, ஒண்டு பழசு எண்டா சரிவராது."

மன்னித்துவிட்டானா? கேட்கத் துணிவு வரவில்லை... ஓட்டோவுக்கு மட்டும் சொல்லிவிட்டேன்.