ஈரப்புல் புகை

எங்கள் மலையில் பனி விழுந்தால் சாலை மூடும். சாலை மூடினால் பின்னாலேயே மின்கம்பி அறுந்து விழும், கைபேசி செத்துப்போகும். மாவு, உருளைக்கிழங்கு, உப்பு, விறகு எல்லாம் இலை உதிரும்போதே வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் துர்மிடோர் மலையடியில் அவரவர் வீடுதான் அவரவர் உலகம். ஆண்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், எழுந்து மறுபடி சீட்டாடுவார்கள். கொஸ்பாவா மட்டும் கேமராவையும் அதைத் தாங்கும் முக்காலியையும் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு பனியில் இறங்கிவிடுவாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டல. மகராணி பனியப் போட்டோ பிடிக்கப் போறா," என்பான் அவள் புருஷன் ததியா.

"மாடும் உன்னய மாதிரிதான், என்னைக்கும் ஒரே மூஞ்சி. பனி அப்படியா? காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு."

அந்தக் கேமரா மகன் தந்தது. தலைநகர் பொத்கொரிட்சாவில் வேலை பார்க்கிறவன், புதிது வாங்கியபோது பழையதை அம்மாவிடம் தள்ளிவிட்டான். கற்றுக்கொடுக்க ஆளில்லை. முதல் வருஷம் அவள் எடுத்த பனியெல்லாம் சாம்பல் நிறத்தில் அழுக்குத் துணியாக வந்தது. வெள்ளையைக் கண்டால் கேமரா பயந்து இருட்டடித்துவிடுகிறது, அதன் பேச்சைக் கேட்கக் கூடாது, வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும் என்று அவளாகத்தான் கண்டுபிடித்தாள். பேட்டரியை உள்பாடிக்குள் வைத்துச் சூடு காப்பாள். குளிரில் இருந்து வந்ததும் கேமராவை நேராக அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகாமல், கண்ணாடியில் ஈரம் கோக்காதபடி வெளி நடையில் கொஞ்ச நேரம் வைப்பாள். புருஷனைக்கூட அவள் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று ஊரில் சிரிப்பார்கள். கீழே விடுதி நடத்துகிறவர் ஒருவர் அவள் படங்களை நாட்காட்டியாகப் போட்ட பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ததியாவே அதில் ஒன்றைக் கட்டிலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினான்.

அவள் வீட்டுக்கு எதிரே பள்ளத்தாக்கு. அதற்கு அந்தப் பக்கச் சரிவில் தன்னந்தனியாக ஒரு கல்வீடு, ஒரு தொழுவம். அங்கே இருந்தவர் ஒப்ரென். அறுபது தாண்டியவர், கல்யாணம் கட்டாதவர், ஒரே ஒரு பசு வைத்திருந்தவர். கொஸ்பாவாவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாகக் கைப்பிடித்து நின்றவர் அவர்தான். எங்களிடையே அந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேலே. அவள் அவரை 'கூமே' என்பாள், அவர் அவளை 'கூமோ' என்பார். இவர்களுக்குள் மரியாதைப் பேச்செல்லாம் கிடையாது, வா போதான். கண்ணுக்கு எதிரே இருக்கிற வீடுதான், ஆனால் பனிக்காலத்தில் இறங்கி ஏறுவதற்குள் பாதிப் பகல் போய்விடும்.

அந்த வீட்டை எத்தனை தடவை எடுத்தாலும் கொஸ்பாவாவுக்குத் திருப்தி இல்லை. எல்லாம் வெள்ளை, கண் எங்கே போய் நிற்கும்? காய்ந்த மரம் எரிந்தால் வருகிற புகை மெலிசு, படத்தில் விழாது. ஒரு இலையுதிர் காலத்தில் ஒப்ரென் காப்பி குடிக்க வந்திருந்தபோது கேட்டேவிட்டாள்.

"கூமே, பனி விழுந்தப்புறம் ஒரு நாள் அடுப்புல கொஞ்சம் ஈரப்புல்லு போடேன். புகை கெட்டியா நிமிந்து நிக்கும். ஒரே ஒரு படம்."

ததியா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? ஈரப்புல்லா?"

அவன் பதறியதில் நியாயம் உண்டு. ஈரப்புல் புகை எங்கள் மலையில் விளையாட்டுக் காரியமல்ல. பிரசவம், நெருப்பு, கால் முறிவு, சாவு, எதுவானாலும் மாட்டுக்கு வைத்த புல்லில் தண்ணீரைத் தெளித்து அடுப்பில் திணித்தால் மஞ்சளும் கறுப்புமாக ஒரு புகை எழும்பும். கண்டவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஜென்மப் பகையாளியே ஆனாலும் ஓட வேண்டும். குழந்தைகள் சும்மா போட்டுப் பார்த்தால் முதுகுத் தோல் உரியும்.

ஒப்ரென் சிரித்தார். "கூமோ கேட்டு நான் இல்லேன்னதில்ல. ஊருக்கெல்லாம் சொல்லி வச்சுட்டா போச்சு."

சொல்லி வைத்தது எல்லோர் காதுக்கும் எட்டவில்லை. முதல் தடவை புகை எழும்பியதும் கீழ்க்குடியிருப்பிலிருந்து யாங்கோவும் அவன் தம்பியும் காலில் பனிச்சறுக்குக்கட்டையை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியும் கயிறுமாக மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். வீட்டு வாசலில் ஒப்ரென் குத்துக்கல்லாட்டம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். யாங்கோ வாயில் வந்த வார்த்தைகளை எழுத முடியாது. இரண்டு கோப்பை ராக்கியாச் சாராயம் உள்ளே போனதும் கோபம் இறங்கியது.

"இனிமே நீ வெந்தாலும் நான் வரமாட்டேன் கிழவா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் வானம் தெளிந்த காலை என்றால் கேட்காமலே புல் போடுவார் ஒப்ரென். ஊருக்கும் பழகிவிட்டது. 'கொஸ்பாவாவோட போட்டோப் புகை' என்று பேரே வந்துவிட்டது.

அந்தப் பிப்ரவரியில் பனி ஓயவே இல்லை. சன்னலை மூடிவிட்டது, மின்சாரம் போய்ப் பல நாளாயிற்று. ஒருவழியாக மேகம் கலைந்த காலையில் கொஸ்பாவா வெளியே வந்தாள். எதிர்ச்சரிவில் ஒப்ரெனின் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு புகையை அவள் அதுவரை பார்த்ததில்லை. காற்றே இல்லை. உச்சியில் விழுந்த வெயிலில் புகையின் தலை மட்டும் சிவந்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவள் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அதுதான் படம். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. ஒரு பாறைமேல் ஏறி நின்று, எதிர்வீட்டைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

மறுநாளும் புகை. மறுநாளும் எடுத்தாள், மறுநாளும் கையாட்டினாள்.

அதற்கடுத்த நாள் புகை கொஞ்சமாக வந்து நின்று, மறுபடி கொஞ்சம் வந்தது. வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த ததியா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"இந்த ஆளுக்கு என்ன கேடு? இருக்கிற புல்லெல்லாம் எரிச்சுட்டா மாட்டுக்கு என்னத்தப் போடுவான்? நம்ம தொழுவத்துலயே பாதி காலி."

சொன்னவன் பனியை வழிக்கத் திரும்பிவிட்டான். கேட்டவள் எதிர்ச்சரிவையே பார்த்தாள். பிப்ரவரியில் புல்லை எரிக்கிற மனுஷன் எங்கள் மலையில் உண்டா? தான் சாப்பிடுகிற களியைக் குறைப்பானே தவிரப் பசுவின் புல்லைத் தொடமாட்டான்.

பேட்டரியை உள்பாடியிலிருந்து எடுத்துக் கேமராவில் போட்டாள். முதல் நாள் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். புகை, கூரை, கதவு, தொழுவம். கதவுக்கும் தொழுவத்துக்கும் நடுவே பனி அப்படியே மொழுமொழுவென்று கிடந்தது. ஒரு காலடி இல்லை. மனிதன் எழுந்ததும் முதலில் பசுவிடம்தான் போவான், போனால் தடம் இருக்க வேண்டும். அடுத்த நாள் படத்திலும் இல்லை. இரண்டு நாளும் அது அவள் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. அவளோ அந்தப் பனி எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தாள்.

"ததியா," என்றாள். அவன் நிமிர்ந்தான். அவளுடைய பேயறைந்த முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் சறுக்குக்கட்டைகளை எடுத்தான், மரம் இழுக்கிற சறுக்குவண்டியைக் கயிற்றில் கட்டினான்.

எப்படி இறங்கினாள், எப்படி ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. மூன்று நாளாகத் தீனி காணாத பசு தொழுவத்துக்குள் கத்தவில்லை. அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது.

ஒப்ரென் அடுப்படியில் தரையில் கிடந்தார். வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, கையாலேயே உள்ளே ஊர்ந்து வந்திருக்கிறார். தொழுவத்துப் புல் எட்டாத தூரம். அதனால் கட்டிலிலிருந்து மெத்தையை இழுத்துப்போட்டு, கத்தியால் கிழித்து, உள்ளே அடைத்திருந்த புல்லைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, வாசல் பனியில் நனைத்து அடுப்பில் போட்டிருக்கிறார். இப்போது மெத்தை வெறும் துணி. அதைத்தான் போர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் ராக்கியா பாட்டிலும், கவிழ்க்காமல் வைத்த இரண்டு கோப்பைகளும் இருந்தன. அடிபட்டுக் கிடக்கிறவருக்கு எதற்கு இரண்டு கோப்பை என்று கொஸ்பாவாவுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் நிலையிலும் அவள் இல்லை.

எப்படியாவது கீழே சாலைக்கு இறக்கி வைத்தியரிடம் சேர்க்கலாம் என்று கம்பளியில் சுற்றி வண்டியில் கட்டினார்கள். ததியா முன்னால் இழுத்தான், அவள் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டிலேயே நடந்தாள். பாதிச் சரிவில் யாங்கோவும் தம்பியும் எதிரே வந்தார்கள். ததியாவும் அவளும் வண்டியோடு ஏறுவதைக் கீழிருந்து பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள்.

யாங்கோ வண்டியில் இருந்த முகத்தைப் பார்த்தான். அவனுக்கு வாய் குழறியது. "புகையப் பாத்தோம், கொஸ்பாவா. எல்லாரும் பாத்தோம். ஒன் போட்டோவுக்குன்னு இருந்துட்டோம்."

அவள் கயிற்றை விடாமல் நடந்தாள். ஒப்ரென் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். அவர் பார்வை தேடி அவள் முகத்தில் வந்து நின்றது. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"நீ பாறமேல நின்னு கையக் காட்டினத பனி அள்ள வாசலுக்கு ஊர்ந்து வந்தப்போ பாத்தேன், கூமோ," என்றார். "வர்றேன்னுதான் நீ சொல்றதா நெனச்சேன். அதான் கோப்பைய எடுத்து வச்சேன்."

சாலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே யாங்கோ குனிந்து ஒப்ரெனின் மூச்சைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். முன்னால் இழுத்துக்கொண்டிருந்த ததியாவுக்கு விஷயம் தெரியாது. அவன் இழுத்துக்கொண்டே போனான், யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.