பதினெட்டு முத்திரை குத்திய தாலாட்டு

போன மாதம் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு போன். பேசிய பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினார். இந்த வயதில், யாராவது அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினாலே எனக்குச் சந்தேகம்தான்.

"அக்கா, உங்க தாலாட்டு வீடியோவ சாயங்காலம் போட முடியாதுலா. ஸ்மோக்கிங் சீன் இருக்கு."

தாலாட்டில் ஸ்மோக்கிங்கா?

பாட்டு எழுதியவள் நான். பாடியவள் யோகேஸ்வரி, எங்களுக்கு யோகா. கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது சுங்கை பட்டாணியில் ஃபேக்டரி வேலை பார்க்கிறாள். படம் எடுத்தவர் குமார், கல்யாண வீடியோக்காரர். மொத்த யூனிட்டே இவ்வளவுதான். யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

அதுவும் எப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தோம் தெரியுமா? யோகாவின் கணவர் டீ ஷர்ட்டில் இருந்த கம்பெனிப் பெயருக்கு டேப் ஒட்டினேன். பின்னால் நின்ற மோட்டாரின் நம்பர் பிளேட்டுக்குத் துண்டு போர்த்தினோம். ரவிக்கை இறக்கமா என்று இரண்டு தடவை பார்த்தேன். 'அனைவரும் பார்க்கலாம்' என்ற முத்திரை வேண்டுமென்றால் சும்மாவா?

குமாரை அழைத்து வீடியோவை ஓடவிடச் சொன்னேன். தோட்டத்து முனீஸ்வரர் கோயில் முன்னால் யோகா மகனை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறாள். அவளுக்குப் பின்னால் முனீஸ்வரர். அவர் வாயில் சுருட்டு. இரண்டாவது சரணத்தில் புகை சுருள் சுருளாக, அழகாக எழும்புகிறது...

ஷூட்டிங் தடங்கல் இல்லாமல் நடக்கட்டும் என்று பூசாரி காலையிலேயே பற்றவைத்துப் படைத்த சுருட்டு அது. தடங்கல் அங்கிருந்துதான் வந்தது.

எங்கள் கண்ணில் அது படவே இல்லை. படாது. அது எங்களுக்குப் படையல் — தேங்காய், பழம் மாதிரி. நிலையத்துக்காரர்களுக்கு அது புகைபிடித்தல். அவர்களைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை. சின்னப் பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில் புகை வேண்டாம் என்பது நியாயம்தானே?

வழி கேட்டேன். சுருட்டு தெரிகிற இடத்தை மங்கலாக்க வேண்டும். இல்லையென்றால் பதினெட்டு வயது முத்திரையோடு இரவு பத்து மணிக்கு மேல் போடுவார்களாம்.

"மங்கலாக்கிடலாம்கா. அஞ்சு நிமிஷ வேல," என்றார் குமார்.

யோகா அழுதுவிட்டாள்.

"சாமி மூஞ்சிய மறைச்சிட்டு நான் எப்படிக்கா திரும்பி அந்தக் கோயிலுக்குப் போவேன்?"

அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது தடவை, பிள்ளை தங்கினால் உன் சன்னதியில் உட்கார்ந்து ஊரறியத் தாலாட்டுப் பாடுகிறேன் என்று முனீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டாள். பிறந்தவனுக்கு இப்போது இரண்டு வயது. ஊரறியப் பாடாமல் விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

"நெட்ல போட்டுடேன்மா," என்றேன்.

"நாமளே போட்டுக்கறது ஊரறியவாக்கா? டிவில வந்தாத்தான் தோட்டத்துல எல்லாரும் பாப்பாங்க."

சரி, சுருட்டு இல்லாமல் மறுபடி எடுத்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஜித்ராவில் என் வீட்டிலிருந்து கோயிலுக்குக் காரை எடுத்தேன். முட்டி வலி வேறு. பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமி வாயிலருந்து சுருட்ட எடுக்க நான் யாருமா? பூ கேட்டுப் பாப்போம். அவரு சொல்லட்டும்."

இரண்டு பொட்டலம் கட்டினார். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. யோகா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

"இன்னொருவாட்டி கேக்கலாமா அண்ணே?" என்றார் குமார். பூசாரி பார்த்த பார்வையில் அவர் கேமராப் பையை மூடிவிட்டார்.

எனக்குக் களைப்பாக இருந்தது. நிலையமும் அசையவில்லை, சாமியும் அசையவில்லை. இரண்டு பேரும் அவரவர் விதிப்படி சரி. நடுவில் மாட்டிக்கொள்வது எப்போதும் நம்மைப் போன்ற ஆட்கள்தான். எத்தனை வருடமாக இப்படி ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்?

யோகாதான் முடிவெடுத்தாள். "பத்து மணிக்கு மேலயே போடட்டும்கா. பதினெட்டுன்னாலும் தாப்பாலா, பரவால்ல. ஊரு முழிச்சிருந்து பாக்கட்டும்."

அப்படித்தான் ஆனது. பிள்ளைகளைத் தூங்க வைக்கிற பாட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு ஒளிபரப்பானது. முப்பது வருடமாக எழுதுகிறேன். என் பாட்டில் ஒன்று பெரியவர்களுக்கு மட்டும் என்று வந்தது இதுதான் முதல் தடவை!

மறுநாள் காலை யோகா போன் செய்தாள். குரலில் அத்தனை நிம்மதி. தோட்டத்தில் ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லையாம். அவள் அம்மா வீட்டில் உட்காரக்கூட இடமில்லையாம்.

"பையன் என்ன பண்ணான்?" என்றேன்.

"கூட்டத்தப் பாத்துட்டு தூங்கவே மாட்டேன்னு ஒரே ஆட்டம்கா. பாட்டு வந்துச்சு. ரெண்டாவது சரணம் முடியல, என் மடியிலேயே தூங்கிட்டான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய விருது எவன் தரப்போகிறான்?

ஆனால் ஒன்று... இரண்டு வயதுப் பையன் பதினெட்டு முத்திரைப் படம் பார்த்ததை யாரும் நிலையத்தில் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.