ஜவுபர் நடந்த நடை

கல்முனைக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்த ஓர் ஆரம்பப் பாடசாலையின் கேற்றில் ஜவுபர் காவல் பார்த்தார். காலையில் முச்சக்கரவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாக வந்து முட்டும்போது நடு றோட்டில் நின்று கையை உயர்த்திப் பிள்ளைகளைக் கடக்க விடுவார். இடைவேளையில் மதிலுக்கு வெளியே விழுந்த பந்தின் பின்னால் ஓடுகிறவர்களை மறித்து உள்ளே திருப்புவார். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுத்த வேலை அது. சங்கம் நினைத்தால் நாளைக்கே நிறுத்தலாம்.

அதற்கு முன்னர் அவர் உழவு மெஷின் ஓட்டியவர். நாவிதன்வெளிப் பக்கம் ஓர் அறுவடையில் நெல் மூட்டை ஏற்றிய மெஷின் வரம்பில் சறுக்கி அவர் மேல் கவிழ்ந்தது. இடது கால் எலும்பு கோணலாகவே பொருந்திவிட்டது. அந்தக் காலை அவரால் நேராக எடுத்து வைக்க முடியாது. வெளிப்பக்கமாக வீசி, மண்ணில் ஓர் அரைவட்டம் கீறி, இழுத்து வந்துதான் வைப்பார். கால் வெளியே போகும்போது விழாமலிருக்க வலது கை காற்றைத் துழாவும். தலை ஒரு தடவை முன்னால் குத்தும்.

கேற்றால் நுழையும் பிள்ளைகள் எல்லோரும் அண்ணன் முறை வைத்து "காக்கா, ஸலாம்" என்பார்கள். அவர் ஒவ்வொரு தலையையும் தடவி அனுப்புவார். ஒரு தலையைத் தவிர. தரம் நான்கில் படிக்கும் றிஸ்லா அவருடைய ஒரே மகள். அவள் கூட்டம் குறையும்வரை கடையடியில் நின்றுவிட்டு, மணியடிக்கும் நேரம் பார்த்துப் பக்கத்து ஒழுங்கையின் சின்ன வாசலால் உள்ளே போய்விடுவாள். "நொண்டிர மகள்" என்று யாரோ கூப்பிட்ட நாளிலிருந்து அப்படித்தான். ஜவுபரும் காணாத மாதிரி வேறு பக்கம் பார்ப்பார். கோபம் இல்லை. பிள்ளைகளுக்கு முன்னால், "இவர் எங்கட வாப்பா" என்று ஒருநாளைக்காவது அவள் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்குள் கிடந்து அரித்தது.

பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஊர் தயாரான கிழமை அது. தாய்மார் நிறக் கடதாசி வெட்டினார்கள். வாப்பாமார் கமுகுச் சலாகை கட்டி இல்லக் கொட்டில்களைச் சோடித்தார்கள். பேண்ட் அடித்துப் பழகும் சத்தம் மத்தியானம் வரைக்கும் ஓயாது. அந்த நேரத்தில்தான் நதீரா டீச்சர் கேற்றடிக்கு வந்தார்.

"காக்கா, ஒங்கட யூனிபோர்ம் சேட்டும் தொப்பியும் ஒருநாளைக்கு வேணும். வினோத உடைக்கு, வேசம் போடுற போட்டிக்கு."

"என்ட சேட்டா? யாருக்கு டீச்சர்?"

"அஸ்கிக்கு. நம்மட றாஸிக்ட மகன். இந்த முற தலைப்பு 'எமக்கு உதவுவோர்'. ஒருத்தர் டொக்டர், ஒருத்தர் தபால்காரர், அஸ்கி கேற் காக்கா."

றாஸிக் என்பவர் சங்கத்தின் செயலாளர். ஊரில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்.

"அந்தச் சேட்டு அவனுக்குத் தொளதொளண்டு கிடக்குமே டீச்சர்."

"அதுதான் வடிவு" என்று டீச்சர் சிரித்தார்.

அன்று பின்னேரம் ஜவுபர் வீட்டுக்குள் நுழையும்போதே கதையைத் தொடங்கிவிட்டார். "கேட்டியா முஸ்பிறா? டொக்டருக்குப் பக்கத்துல என்னயும் நிப்பாட்டப் போறாங்க."

"ஒங்களயா, ஒங்கட சேட்டயா?" என்றாள் மனைவி. ஆனாலும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கொலர நல்லா உரசிக் கழுவணும். ஊர்ச் சனம் முழுக்க வரும்."

றிஸ்லா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "குடுக்காதீங்க வாப்பா."

"ஏன் புள்ள?"

"குடுக்காதீங்க எண்டா குடுக்காதீங்க. அண்டைக்கு நீங்க வரவும் வேணாம். காச்சல் எண்டு சொல்லிட்டுப் படுங்க."

"நான் படுத்தா கேற்ற யாரு பாக்குற?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள். மகளுக்கு வெட்கம் என்று ஜவுபர் நினைத்தார். சனத்துக்கு முன்னால் தன்னையும் ஒரு ஆளாக எண்ணி நிறுத்துவதை அவள் கண்ணால் கண்டால் அந்த வெட்கம் போய்விடும் என்றும் நினைத்தார். சட்டையை முஸ்பிறா கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் பையில் வைத்துக் கொடுத்தாள். நூலகத்துக்குப் பின்னால் அஸ்கி நடித்துப் பழகுவதை றிஸ்லா பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது.

போட்டி நாளன்று மைதானத்தில் வெயில் எரித்தது. அணிநடை முடிந்தது. சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், பணிஸ் கடித்தல் எல்லாம் முடிந்தன. முஸ்பிறா புது அபாயா உடுத்து, பெற்றார் பந்தலில் முன் கதிரை பிடித்து இருந்தாள். றிஸ்லா ஸபா இல்லத்துப் பச்சைக் கொட்டிலுக்குள் மற்றப் பெண்பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தாள். ஜவுபர் கயிற்றுக்கு வெளியே நின்றார். யூனிபோர்ம் சட்டை இல்லாததால் கோடு போட்ட சாதாரண சேட்டு ஒன்றைப் போட்டிருந்தார்.

வினோத உடைக்கு அழைத்தார்கள். டொக்டர் வந்தார். தபால்காரர் சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்தார். மீன்காரர் தராசோடு வந்தார். சனம் கைதட்டியது. பிறகு அஸ்கி வந்தான். சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தொப்பி காதை மூடியிருந்தது. கரியால் மீசை கீறியிருந்தார்கள்.

நாலைந்து அடி வைத்ததும் பையனின் கால் ஒரு பக்கமாக வீசிக்கொண்டு போனது. கை காற்றைத் துழாவியது. முதலில் ஜவுபருக்கு விளங்கவில்லை. காலில் முள்ளோ போத்தல் ஓடோ குத்திவிட்டது என்றுதான் நினைத்தார். தூக்குவதற்காகக் கயிற்றைக் கூட உயர்த்தினார். தன்னுடைய நடையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பந்தலில் இருந்த சனம் அஸ்கியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே சிரிப்போடு திரும்பித் தன்னைப் பார்த்தபோதுதான் அது யாருடைய நடை என்று தெரிந்தது. அவர் கயிற்றைக் கீழே விட்டார்.

அஸ்கி விசிலை ஊதினான். "ஓடாதடா மனே, ஓடாத" என்று கத்திக்கொண்டு, ஒரு பிள்ளையைத் துரத்துவது போலத் துரத்தி, பிடிக்க முடியாமல் குப்புற விழுந்தான். மேடையில் இருந்த பிரதம அதிதி சிரிப்புத் தாங்காமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

ஒலிவாங்கி பிடித்திருந்த ஆசிரியருக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. "ஒரிஜினல் காக்கா எங்க? ஜவுபர் காக்கா, கொஞ்சம் கிரவுண்டுக்கு வாங்க. எது ஒரிஜினல், எது டுப்ளிகேட் எண்டு அதிதி சொல்லட்டும்."

போகாமல் நின்றிருக்கலாம். ஆனால் றாஸிக் மேடையிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஜவுபர் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். அவ்வளவு சனத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது நேராக நடந்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை முன்னால் எடுத்து வைத்தார். கால் கேட்கவில்லை. தடுமாறி முழங்கால் மண்ணில் பட்டது. பக்கத்தில் வந்த அஸ்கியும் அதே நொடி, அதே மாதிரித் தடுமாறி முழங்காலை மண்ணில் போட்டான். மைதானமே அதிர்ந்தது.

எழும்பும்போது அவர் கண் பச்சைக் கொட்டிலைத் தேடியது. அங்கே பிள்ளைகள் யாரும் மைதானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் றிஸ்லாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி அவளுடைய தோளில் இடித்தாள். றிஸ்லா சிரித்தாள். முதலில் கொஞ்சமாக. பிறகு அந்தக் கொட்டிலில் அவளுடைய சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

அஸ்கிக்கு முதலாம் இடம். பரிசு கொடுக்கும் நேரம் முஸ்பிறாவின் கதிரை வெறுமையாக இருந்தது.

அடுத்த நாள் ஜவுபர் நதீரா டீச்சரை மறித்தார். "சேட்டும் தொப்பியும்தானே கேட்டீங்க டீச்சர். நடயக் கேக்கல்லயே."

"பகிடிதானே காக்கா. சின்னப் பிள்ளயள்ற விசயத்தப் பெருசாக்காதீங்க. ஒங்கட பேருலதான் முதலாம் இடமே கிடச்சிரிக்கி."

றாஸிக் மகனை இறக்கிவிட்டுப் போகும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார். "எங்கட புள்ள ஒங்களப் பேமசாக்கிட்டான் காக்கா. ஒரு ஐஸ்கிறீமாவது வாங்கிக் குடுக்கல்லயா?"

அதன் பிறகு கேற்றடியில் ஸலாம் சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். அவர் நடந்தால் பின்னால் ஒரு வரிசை காலை வீசிக்கொண்டு வந்தது. திரும்பினால் வரிசை கலையும். றோட்டில் அவர் கையை உயர்த்தினால் பொடியன்களும் கையை உயர்த்தினார்கள். ஒருநாள் அந்த விளையாட்டில் ஒரு பையன் வேனுக்கு முன்னால் போய்விட்டான். வேன்காரன் பிரேக் போட்டதால் தப்பினான். சங்கத்திலிருந்து ஆள் வந்தது. "காவலுக்கு நிக்கிற ஆளுக்குப் பிள்ளயள் பயப்படணும் காக்கா. இப்பிடியே போனா நாங்க வேற ஆளத்தான் பாக்கணும்." அவர் தலையை ஆட்டினார்.

ஒன்று மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. றிஸ்லா ஒழுங்கை வாசலை விட்டுவிட்டாள். இப்போது பெரிய கேற்றால், நாலு பிள்ளைகளோடு கைகோத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளை நொண்டிர மகள் என்று கூப்பிடவில்லை. என்ன நடந்தாலும் பிள்ளைக்குக் கூட்டாளிமார் சேர்ந்துவிட்டார்களே என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். பிறகு ஓர் இடைவேளையில், வேப்பமரத்துக்குக் கீழே பெண்பிள்ளைகள் வட்டமாக நிற்பதைக் கேற்றிலிருந்து கண்டார். வட்டத்துக்கு நடுவில் றிஸ்லா நடந்துகொண்டிருந்தாள்.

அஸ்கிக்குத் தெரியாதவை எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன. படி ஏறும்போது தொடையைக் கையால் தூக்கி வைப்பது, நீண்ட நேரம் நின்ற பிறகு முதல் அடி வைக்கும் முன் மூச்சை இழுப்பது, உட்காருவதற்கு முன்னர் நல்ல காலில் பாரத்தைப் போட்டுக் கண்ணை மூடுவது. வீட்டில் தினமும் பார்த்தவள் அல்லவா.

பல பாடசாலைகள் சேரும் வலய மட்ட வினோத உடைப் போட்டி வந்தது. புலமைப்பரிசில் வகுப்பு கெட்டுப்போகும் என்று றாஸிக் மகனை அனுப்ப மறுத்துவிட்டார். நதீரா டீச்சருக்கு வேறு பிள்ளை தேட அலைய வேண்டியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் ஜவுபர் பின்வளவில் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். றிஸ்லா வந்து முன்னால் நின்றாள்.

"வாப்பா, ஒருக்கா நடந்து காட்டுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னத்துக்கு?"

"டீச்சர் என்னயப் போடுறாங்க. வலயத்துக்கு. கை எப்பிடி வருது எண்டு எனக்குச் சரியாப் புடிபடல்ல."

"ஏலா புள்ள."

"இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க வாப்பா." அவள் குரல் உடைந்தது. "மறுகா என்னோட ஒருத்தரும் சேர மாட்டாங்க."

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. முஸ்பிறா வெளியே வரவில்லை.

ஜவுபர் எண்ணெய்ப் போத்தலை மூடினார். மதிலைப் பிடித்து எழும்பினார். கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் நடந்து, திரும்பி வந்தார். றிஸ்லா கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தாள்.

"சரியா வாப்பா?"

மண்ணில் அவள் கீறிய அரைவட்டத்தையும் தான் கீறியதையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "கால இன்னம் கொஞ்சம் வெளியால வீசணும்."