புடிச்சிருக்கா?

கம்பெனி பஸ் ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது, ஜெசிந்தா அக்கா போய்விட்டாள் என்று போன் வந்தது. தென்காசிக்கு லீவில் போனவளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. இருபத்தொரு வயது. அவளுடைய ஜன்னல் சீட்டில் இன்றும் நாம் யாரும் உட்காருவதில்லை.

நம் ஹாஸ்டல் கபடி அணிக்கு அவள்தான் கேப்டன். எதிரணிக்குள் பாடிப் போவதும் அவள்தான். பத்தாவதோடு நின்று வேலைக்கு வந்த நான் வாயே திறக்காதவள். 'கபடி கபடி' என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சத்தில் பாடிப் போகவே மாட்டேன். பின்னால் நின்று கால் பிடிப்பதோடு சரி.

முதல் நாள் பயிற்சி உங்கள் ஆறு பேருக்கும் நினைவிருக்கிறதா? எடுத்த எடுப்பிலேயே நூறு தோப்புக்கரணம் போடவைத்தாள். தானும் போட்டாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தொடை மடங்கவில்லை. எட்டுப் பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி படிப்படியாக இறங்கினோம்.

"இன்னாம்மா, அல்லாரும் ரிவர்ஸ்ல எறங்கிகினு கீறீங்க?" என்றார் டிரைவர்.

"நீங்க வண்டிய ஓட்டுங்கண்ணே. எங்க கால நாங்க ஓட்டிக்கிடுதோம்!" என்றாள் அக்கா.

அடுத்த நாள் வலி இன்னும் ஏறியது. ஏதோ கிழிந்துவிட்டது, இனி அணியே வேண்டாம் என்று முடிவு செய்து, வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் போர்த்திப் படுத்தேன். அக்கா சுவரைப் பிடித்தபடி அறைக்கு வந்தாள்.

"புடிச்சிருக்கா?"

விளையாட்டைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ரொம்பக்கா."

"எதுட்டி?"

"எல்லாமேக்கா. நீங்க பாடறதுதான் ரொம்ப."

"ஏட்டி, நான் தொடையக் கேட்டேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே, "ஐயோ, சிரிச்சா வயிறும் வலிக்கு" என்று அலறினாள்.

பிறகு சொன்னாள்: "என் தப்புதாம்ட்டி. மொத நாளே நூறு போட்டிருக்கக் கூடாது. ரெண்டு தொடையும் ஒண்ணுபோல வலிச்சா, அது பழகாத வேலை செஞ்ச வலி. ரெண்டு மூணு நாள்ல போயிரும். ஒரே எடத்துல சுருக்குன்னு குத்தி வீங்குனாத்தான் டாக்டர்ட்ட போணும். எந்திரி, மெதுவா நடப்போம்."

ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தோம். நடக்க நடக்க இறுக்கம் கொஞ்சம் விட்டது. அதற்குப் பிறகு முதலில் மெதுவாக ஓட்டம், அப்புறம் பத்தே தோப்புக்கரணம். வாரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். பயிற்சிக்கு மறுநாள் காலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று, இறங்கி வரும் ஒவ்வொருவரையும் கேட்பாள்: "புடிச்சிருக்கா?" எதைக் கேட்கிறாள் என்று சொல்லவே மாட்டாள்.

அவள் போன பிறகு, பாட ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை மேட்சை விட்டுவிடலாம் என்று பேசினீர்கள். என் கை தானாக மேலே போனது. நேற்று பயிற்சியில் கோட்டைத் தாண்டினேன். முதல் 'கபடி' எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது, மைதானத்துக்கு வெளியே டீக்கடை வரை கேட்டதாம்! இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நீங்கள் என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள்.

இன்று காலை எனக்குத் தொடை இறுகிக் கிடந்தது. முதலில் இறங்கியது நான்தான். படிக்குக் கீழே அவள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. நீங்கள் ஆறு பேரும் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிவந்தீர்கள். நான் அந்த இடத்தில் போய் நின்றேன்.

அவளுடைய ஜெர்சியை ஊருக்கு அனுப்பிவிட்டோம். இந்தக் கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

"புடிச்சிருக்கா?" என்று கத்தினேன்.

"புடிச்சிருக்கு!" என்றீர்கள், ஆறு பேரும்.