மண்ணூருக்குப் போன ‘எசமான்’

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்தே அதிக காலம் ஆகவில்லை. ஆனாலும் எழுதத் தகுதி இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.ஏ. தமிழ், டைப்ரைட்டிங் ஹையர்.

1. காலி நாற்காலி

படப்பையில் ஒரு மாடி அறை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து வாசிக்கும்படி வேதாகமத்தை இன்றைய தமிழில் கொண்டுவருவது வேலை. மேஜையின் ஒரு பக்கம் ஃபாதர், எதிர்ப்பக்கம் பாஸ்டர் ஐயா, நடுவில் மூன்றாவது மொழிபெயர்ப்பாளருக்கென்று ஒரு காலி நாற்காலி. ஜன்னலோரம் டைப்ரைட்டரும் நானும்.

கடவுளின் ஆளுகையைச் சொல்லும் பட்டங்களில்தான் இருவருக்கும் சண்டை வரும். எபிரேய ‘எல் எலியோன்’ ஒரு டீயிலேயே முடிந்தது: உன்னதர். ‘அதோனாய்’ ஆண்டவர் ஆனது. கிரேக்க ‘தெஸ்பொதேஸ்’ மட்டும் முடியவே இல்லை.

லூக்கா நற்செய்தியில் சிமியோன் என்றொரு முதியவர் வருகிறார். மீட்பரைப் பார்க்காமல் சாகமாட்டாய் என்பது அவருக்குக் கிடைத்த வாக்கு. குழந்தை இயேசுவைக் கையில் வாங்கியதும், இனி நான் போகலாம் என்று ஜெபிக்கிறார். அங்கே அவர் கடவுளை, ஆண்டவர் என்று பொருள்படும் வழக்கமான ‘கூரியோஸ்’ என்ற சொல்லால் கூப்பிடவில்லை. ‘தெஸ்பொதேஸ்’ என்கிறார், அடிமைகளை உடையவர் என்று பொருள்.

“மூலத்துல வேற வார்த்தை. தமிழ்லயும் வேற வார்த்தை வேணும்” என்றார் ஃபாதர்.

“ஆண்டவரேன்னா யாருக்குப் புரியாது?” என்றார் பாஸ்டர் ஐயா.

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, “எசமானேன்னு போடலாமே” என்றேன்.

பாஸ்டர் ஐயா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். “அப்படிங்களா மேடம்? சரி, நீயே மண்ணூர்ல வாசிச்சுக் காட்டிட்டு வா. உன் வார்த்தை நின்னா இந்த நாற்காலி உனக்கு. விழுந்தா டைப்ரைட்டர் எங்கயும் ஓடிப்போயிடாது.”

2. டெஸ்டிங்

மொழிபெயர்த்ததை ஊர்க்காரர்களிடம் வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்டிங். அதற்கு ஒரே விதி. வாசிக்க வேண்டும், என்ன நடந்தது என்று கேட்க வேண்டும், வாயை மூடிக்கொள்ள வேண்டும். விளக்கக் கூடாது, தலைகூட ஆட்டக் கூடாது.

மண்ணூர் பக்கத்துக் கிராமம். அங்கே மாதா கோவில் வாசலில் பெண்கள் கூடினார்கள். சிமியோன் கதையை வாசித்து ஜெபத்துக்கு வந்தேன்: “எசமானே, நீர் சொன்னபடியே உம் அடிமையை நிம்மதியாகப் போகவிடுகிறீர். உமது மீட்பை என் கண்கள் கண்டுவிட்டன.”

“இன்னா நடந்துச்சு, சொல்லுங்க.”

“இன்னா நடக்கும்? கெழவன வேலைய வுட்டுத் தூக்கிட்டான் எசமான்” என்றார் ரோசியக்கா. அங்கே அவர்தான் மூத்தவர்.

“பி.எஃப். செட்டில் பண்ணானாமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பவுனுவின் கணவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அவள் எழுந்தேவிட்டாள். “ஐய, சும்மா இரு யக்கா! தூக்கிட்டா எவனாச்சும் இவ்ளோ சந்தோசமா பேசுவானா? எங்க ஊட்டுக்காரு ரிலீவர் வந்தாதான் கேட்ட வுட்டு நவுர முடியும். அந்தக் கொயந்ததான் ரிலீவரு. வந்துடுச்சு, நான் கெளம்பறேன்றான் கெழவன்.”

எனக்கு நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

ரோசியக்கா விடவில்லை. “அது கரெக்டுதான்டி. ஆனா எசமான் போன்னு சொல்லுவானா? எங்கப்பன் பண்ணையில கெடந்தாரு. சாவுற வரைக்கும் அந்தாளு வாயில ‘போ’ன்னு வரல. இந்தா கண்ணு, அந்தப் பேரச் சொல்லி நான் ஜெபம் பண்ண மாட்டேன். இன்னா பண்ணுவியோ பண்ணிக்கோ.”

என் அப்பாவும் பண்ணையாளாக இருந்தவர்தான். எசமான் என்று யாராவது சொன்னால் இன்றும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவார்.

3. ரிப்போர்ட்

பஸ்ஸில் வரும்போது, பவுனு சொன்னதை மட்டும் எழுதினால் என்ன என்று தோன்றாமல் இல்லை. இரண்டையும் எழுதினேன்.

“எசமான் அவுட்!” என்று பாஸ்டர் ஐயா மேஜையைத் தட்டினார்.

ஃபாதருக்கு முகம் வாடிவிட்டது. “அப்போ அந்த வித்தியாசம்?”

“பட்டத்துல வேணாம் ஃபாதர், வினையில வைக்கலாம்” என்றேன். “போகவிடுகிறீர்னா வேலையை விட்டு அனுப்பின மாதிரி கேக்குது. ‘ஆண்டவரே, உம் பணியாளனின் பணி முடிந்தது, நிம்மதியாகப் போக விடை தருகிறீர்.’ ஆளை உடையவர்தானே விடை தர முடியும்?”

ஃபாதர் கிரேக்கப் புத்தகத்தைப் புரட்டினார். “விடுவிக்கிறதுன்னுதான் இங்க வினையே இருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். பாஸ்டர் ஐயா மட்டும், “மறுபடி மண்ணூர் போய்ட்டு வா” என்றார்.

போனேன். ரோசியக்கா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “இவுரு பரவால்ல. நேரத்துக்கு அனுப்புறாரு.”

வந்து சொன்னேன். பாஸ்டர் ஐயா சிரித்தார். “எசமான் எழுந்து போயாச்சு. நீ ஏம்மா இன்னும் நிக்கிற? உக்காரு.”

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குப் பிடித்த சொல்லையே டெஸ்டிங்குக்கு எடுத்துப்போங்கள். அது அடிபட்டால், எங்கே அடிபட்டது என்றும் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த சொல் அங்கேதான் கிடைக்கும்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

“அவுங்க ரெண்டு பேரும் இருக்கறப்பவேவா உக்காந்த?”

“ஆமாப்பா. நாற்காலி ஓரமா.”

அப்பா சொன்னார்: “நாளைக்கு நல்லா சாஞ்சி உக்காரு.”