பூட்டு உடையவில்லை என்று சொன்ன அக்கா

எங்கள் அக்காவின் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கும், உடன்பிறந்த தங்கையாகிய நான் கைகூப்பி எழுதுவது. மாலை போட்ட படத்துக்கு முன் நல்லதை மட்டும் சொல்வதுதான் வழக்கம். அக்கா பட்ட பெரிய துயரத்தை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை ஓடவில்லை.

அக்கா மங்கலம்பேட்டையில் பிறந்தார். அப்பா அரிசி மண்டியில் வேலை பார்த்தவர். அக்கா விருத்தாசலத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். மேலே படிக்க வசதியில்லை. திருப்பாதிரிப்புலியூரில் வாழ்க்கைப்பட்டார். மாமா ஏ.சி.யும் ஜெனரேட்டரும் பொருத்தித் தரும் காண்ட்ராக்டர். சுனாமி வந்த மறு வருடம் ஒரு கட்டடத்தில் ஏ.சி. ஏற்றும்போது சாரம் சரிந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்து அன்று படுத்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. தொழிலை விற்றுவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"வேல தெரிஞ்ச பசங்க இருக்காங்க, மெஷினுங்க இருக்குது. நா இருக்கறேன். எதுக்கு விக்கணும்?"

வைத்தியத்தில் கையிருப்பு எல்லாம் கரைந்திருந்தது. டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், வேக்யூம் பம்பு, இவை போனால் மறுபடி வாங்க வழியில்லை. ஆகவே அக்கா முதலில் செய்த காரியம், கருவிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டதுதான். தாலிக்கொடியை அடகு வைத்துப் பிரீமியம் கட்டினார் என்று ஊரில் கேலி பேசியவர்களும் உண்டு.

2008-இல் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்து வேலை கிடைத்தது. கருவிகளை மண்டபத்து அறை ஒன்றில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி ஏழுமலையிடம் இருக்கும். மாமா காலத்திலிருந்து எங்களோடு இருந்தவர், நல்ல வேலைக்காரர். ஒருநாள் காலை அவர் போய்த் திறந்தபோது அறை காலியாக இருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது; ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். நான் சிதம்பரத்தில் ஆசிரியை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். இன்சூரன்ஸ் ஏஜெண்டும் வந்தார். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவைத் தனியே கூப்பிட்டார்.

"ஒடைச்சி எடுத்திருந்தாதான் கிளைம் வரும்மா. கல்ல எடுத்து ரெண்டு தட்டு தட்டுங்க, போட்டோ புடிச்சிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் அக்கா.

காவல் நிலையத்தில் கேட்டார்கள்: "பூட்டு ஒடையல. சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"ஏழுமலைகிட்ட. ஆனா அவன் எடுக்கறவன் இல்ல சார்."

அக்கா சொன்னதில் முதல் பாதியை மட்டுமே எழுதிக்கொண்டார்கள்.

அன்று மாலையே ஏழுமலையைப் பிடித்துப் போனார்கள். அக்கா நிலையத்து வாசலில் போய் நின்றார். உள்ளே விடவில்லை. மறுநாளும் வெயிலில் நின்றார். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியரின் தம்பி வக்கீல். அவர் வந்து பேசிய பிறகுதான் ஏழுமலையை வெளியே விட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகவே கூடியது. அந்தக் கையால் டிரில்லிங் மெஷினைத் தூக்கிப் பிடிக்க அவரால் அப்புறம் முடியவில்லை.

பூட்டு உடைக்கப்படவில்லை என்று கிளைமைத் தள்ளிவிட்டார்கள். சில மாதம் கழித்து அதே மண்டபத்தில் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. அந்த முறை வாட்ச்மேன் கள்ளச்சாவியோடு அகப்பட்டார். ஏழுமலையிடம் வந்து ஒரு வார்த்தை வருத்தம் சொன்னவர் யாரும் இல்லை. கருவிகளும் திரும்பவில்லை.

வாட்ச்மேன் அகப்பட்ட செய்தி வந்த அன்று என் வீட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அக்கா அழுதார்.

"நா ஒரு பொய் சொல்லியிருந்தா அவன் கை தப்பிச்சிருக்கும் பாப்பா."

"உண்மைய சொன்னதுக்கு நீ என்னக்கா பண்ணுவ?"

"அந்த உண்மைய வச்சிக்கிட்டு நா என்னாடி பண்றது? அவன் கையா திரும்பி வரும்?"

 

அதற்குப் பிறகு அக்கா எந்த ஆளிடமும் சாவி கொடுத்ததில்லை. வேலை எங்கே நடந்தாலும் காலையில் தானே போய்த் திறப்பார், மாலையில் தானே பூட்டுவார். காய்ச்சலோடும் சிதம்பரம் பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். மெல்ல மெல்லக் கருவிகளைத் திரும்ப வாங்கிப் புதிதாக இன்சூரன்ஸ் போட்டபோது, ஆட்கள் சொந்தமாக வாங்கி வைத்திருக்கும் கருவிகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டு இடத்தில் மறுத்தார்கள், மூன்றாவது இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஏழுமலையை மட்டும் திரும்பக் கூட்டிவர முடியவில்லை. "பூட்டப் பாத்தாலே ஒடம்பு நடுங்குதும்மா" என்று சொல்லிவிட்டார். அவர் டீக்கடை ஒன்றில் வேலைக்கு நின்றார். அக்கா அனுப்பிய அரிசியை முதலில் திருப்பி அனுப்பினார். பிறகு அவர் மனைவி வாங்கிக்கொண்டார்.

2011 கடைசியில் தானே புயல் அடித்தது. அக்கா கருவிகளை வைத்திருந்த கடையின் தகரக் கூரை பறந்தது, கருவிகள் தண்ணீரில் கிடந்தன. சேதத்தைக் கணக்கெடுக்கும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் நகர்த்த வேண்டாம் என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ரோடெல்லாம் மரம், ஊரே இருட்டு. அவர் வரத் தாமதமானது. கூரையில்லாத கடையில் அக்கா காவல் இருந்தார். தகரம் காலைக் கிழித்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரர். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

"நா போனா எவனாச்சும் எடுத்துக்கினு போயிடுவான். அப்பறம் யார் மேல சொல்லுவாங்க? அவரு வந்து பாத்துட்டுப் போவட்டும்."

சர்வேயர் வந்து பார்த்துப் போனபோது கால் கறுத்திருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. நினைவு இருந்த கடைசி நாளில் ஒன்றே ஒன்று கேட்டார்: "பசங்க சாமானயும் எழுதிக்கினாரா?"

"எழுதிக்கினாருக்கா."

தை முடிவதற்குள் போய்விட்டார்.

முறிந்து கிடந்த மரங்களை வெட்டி வழிவிட்டு அக்காவை வண்டியில் ஏற்றிய தெருப் பிள்ளைகளுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், கருவி இழந்து நின்றபோது தம்முடைய மெஷின்களைக் கொடுத்து உதவிய காண்ட்ராக்டர்களுக்கும், வக்கீல் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. படுத்தபடியே அழும் மாமா, தம் சார்பிலும் நன்றி எழுதச் சொன்னார்.

அடக்கத்தன்று ஏழுமலை வந்திருந்தார். கூட்டத்தில் சேராமல் தெருமுனையில் நின்றார். நான் போய், அக்கா மேல் கோபமா என்று கேட்டுவிட்டேன்.

"இல்லன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். இருந்துச்சு. ஆனா உள்ள அடி வாங்கறப்போ, வெளிய எனக்காக நின்னது அவுங்க ஒருத்தங்கதான்."

சொல்லிவிட்டு வந்து, இடது தோளைக் கொடுத்துப் பாடையைத் தூக்கினார். அவருக்கு என் நன்றி. அக்கா கேட்க நினைத்துக் கேட்காமல் போன மன்னிப்பையும் இங்கே அவரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.